சொற்கள் காட்டிய கடல்வழி

உலகப் படத்தை விரித்துப் பசிபிக் பெருங்கடலை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். நிலவுலகப் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு கடலே அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் நடுவே, கைப்பிடி மணலை வீசி எறிந்தாற்போலத் தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு. இம்மூன்றையும் மூலைகளாகக் கொண்டு ஒரு முக்கோணம் வரையுங்கள். அதற்குள் அடங்கும் பகுதிதான் பாலினேசியா. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 7000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரையுள்ள தொலைவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம்!

ஐரோப்பியக் கப்பல்கள் இக்கடலுக்குள் வந்தபோது, மனிதர் வாழத்தக்க தீவுகளில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே மனிதர் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவர்களிடம் இரும்பு இல்லை. திசைகாட்டும் கருவி இல்லை. எழுதி வைத்த வரலாறும் இல்லை. அப்படியானால் அவர்கள் எங்கிருந்து, எப்போது, எவ்வாறு அங்கே சென்று சேர்ந்தனர்?

இக்கேள்விக்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. முதல் துப்பைக் கொடுத்தது மண்வெட்டியோ தொலைநோக்கியோ அன்று. அத்தீவு மக்களின் அன்றாடப் பேச்சுதான். கண், கை, வானம், மீன், ஐந்து போன்ற எளிய சொற்கள் வரலாற்றுச் சான்றுகளான கதையை இனிக் காண்போம்.

கப்பலில் ஏறிய தீவு மனிதர்

1769-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வெள்ளிக் கோள் கதிரவனின் முகத்தைக் கடந்து சென்றது. பூமிக்கும் கதிரவனுக்கும் இடையேயுள்ள தொலைவைக் கணக்கிட உதவும் அரிய நிகழ்ச்சி அது. அதனைக் காண்பதற்காக ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேயக் கடற்படை அதிகாரி ‘எண்டவர்’ என்ற கப்பலில் தாகித்தித் தீவுக்கு வந்திருந்தார். அவர் அங்கிருந்து புறப்பட்டபோது, துப்பாயா என்ற அறிஞரும் கப்பலில் சேர்ந்துகொண்டார். அவர் ராயாத்தேயா என்னும் அண்டைத் தீவில் பிறந்த பூசாரி, கடலோடியும்கூட.

துப்பாயா பல தீவுகளின் பெயர்களையும் அவை இருக்கும் திசைகளையும் சொன்னார். அவர் சொன்னவற்றைக் கொண்டு 74 தீவுகள் அடங்கிய படம் ஒன்று உருவாயிற்று. அதைவிட வியப்பான நிகழ்ச்சி அவ்வாண்டு அக்டோபரில் நடந்தது. எண்டவர் நியூசிலாந்தை அடைந்தது. தாகித்தியிலிருந்து அது ஏறத்தாழ 4000 கிலோமீட்டர் தொலைவு. கரையில் நின்ற மவோரி மக்களிடம் துப்பாயா தம் தாய்மொழியில் பேசினார். அவர்களுக்கு அது புரிந்தது! அவர்கள் சொன்னது இவருக்கும் புரிந்தது. துப்பாயா 1770-இல், இன்று ஜக்கர்த்தா எனப்படும் பட்டாவியாவில், நோயுற்று இறந்தார். ஆயினும் அவர் காட்டிய உண்மை குக்கின் மனத்தில் பதிந்துவிட்டது. இத்தனை தொலைவுக்கு ஒரே மக்கள் பரவியிருக்கிறார்கள். அப்படியானால் அவர்கள் கடலைக் கடந்தே சென்றிருக்க வேண்டும்.

ஒலி மாற்றத்தின் ஒழுங்கு

தமிழில் ‘பால்’, கன்னடத்தில் ‘ஹாலு’. தமிழில் ‘பல்’, கன்னடத்தில் ‘ஹல்லு’. பத்து – ஹத்து, புலி – ஹுலி, பூ – ஹூ. தமிழில் சொல்லின் முதலில் பகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் ஹகரம் வருகிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாக அன்று, வரிசையாக வருகிறது. இவ்வாறு ஒழுங்காக அமையும் மாற்றத்தை மொழியியலார் ஒலிவிதி என்பர். இரு மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு இத்தகைய ஒழுங்கே சிறந்த சான்று.

இதே கண்ணோடு பாலினேசிய மொழிகள் மூன்றைப் பாருங்கள். முதலில் மவோரி, அடுத்து சமோவா, அடுத்து ஹவாய்:

கண் – மாத்தா, மாத்தா, மாக்கா
மனிதன் – தங்காத்தா, தங்காத்தா, கனாக்கா
வானம் – ரங்கி, லங்கி, லனி
இரண்டு – ருவா, லுவா, லுவா
ஐந்து – ரிமா, லிமா, லிமா

மவோரியில் தகரம் வரும் இடத்தில் ஹவாயில் ககரம். ரகரம் வரும் இடத்தில் லகரம். ஙகர ஒலி வரும் இடத்தில் னகரம். பால் – ஹாலு போன்ற அதே ஒழுங்கு!

இனி மேற்கே திரும்புவோம். மலாய் மொழியில் கண் ‘மாத்தா’, வானம் ‘லங்கிட்’, இரண்டு ‘துவா’, ஐந்து ‘லிமா’. பிலிப்பைன்ஸின் தகாலோக் மொழியிலும் கண் ‘மாத்தா’, வானம் ‘லங்கிட்’, ஐந்து ‘லிமா’. இன்னும் மேற்கே, ஆப்பிரிக்கக் கரையை ஒட்டியுள்ள மடகாஸ்கர் தீவின் மலகாசி மொழியில் வானம் ‘லனிட்ர’, இரண்டு ‘ருவா’, ஐந்து ‘திமி’. கை என்பதற்கும் ஐந்து என்பதற்கும் ஹவாயில் ஒரே சொல்தான். ஐந்து விரலைக் காட்டி எண்ணிய பழைய மனிதன் இச்சொல்லில் நம் கண்முன் தோன்றுகிறான் அல்லவா?

இந்த ஒற்றுமை அறிஞர் கண்ணில் படத் தாமதமாகவில்லை. ஹாட்ரியன் ரேலண்ட் என்ற டச்சு அறிஞர், மாலுமிகள் 1616-இல் தொகுத்து வந்த தீவுச் சொற்பட்டியல்களை மலாய், மலகாசிச் சொற்களோடு ஒப்பிட்டு 1708-இலேயே எழுதினார். அவர் ஐரோப்பாவை விட்டு வெளியே போனதில்லை; நூலகத்தில் அமர்ந்தபடியே இதைக் கண்டார். பிற்காலத்தில் இக்குடும்பத்துக்கு ‘ஆஸ்திரோனேசியம்’ என்று பெயர் வந்தது. தென்தீவு மொழிகள் என்பது பொருள். ஏறத்தாழ 1200 மொழிகள் இதில் அடங்கும். மடகாஸ்கரிலிருந்து ஈஸ்டர் தீவு வரை, பூமியின் சுற்றளவில் பாதிக்கும் மேற்பட்ட நீளத்துக்கு இக்குடும்பம் பரவியிருக்கிறது.

ஒலி ஒத்தால் போதுமா?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தற்காலக் கிரேக்க மொழியில் கண்ணுக்கு ‘மாத்தி’ என்று பெயர். மலாயின் ‘மாத்தா’வுக்கு எவ்வளவு நெருக்கம்! ஆனால் பழைய கிரேக்கத்தில் அது ‘ஒம்மாத்தியொன்’ என்ற நீண்ட சொல். தலையும் வாலும் தேய்ந்து மாத்தி ஆயிற்று. இது வெறும் தற்செயல்.

இன்னொரு பொறி கடன்சொல். மலாய் மொழியில் கப்பலுக்குக் ‘கப்பல்’, கடைக்குக் ‘கெடை’ என்றே சொல்கிறார்கள். இவை தமிழிலிருந்து சென்றவை. இவற்றை மட்டும் வைத்து ‘மலாய் தமிழிலிருந்து பிறந்தது’ என்று சொல்ல முடியுமா? முடியாது. கண், கை, வானம், இரண்டு, ஐந்து ஆகிய அடிப்படைச் சொற்களைப் பாருங்கள். அங்கே தமிழின் சாயலே இல்லை. வணிகர் கொண்டுவந்த பெரிய மரக்கலத்தின் பெயரை மலாய் மக்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால் பாய்மரப் பாய்க்கு அவர்களிடம் ‘லாயர்’ என்ற சொந்தச் சொல் இருந்தது. அதுவே மவோரியிலும் ஹவாயிலும் தேய்ந்து ‘ரா’, ‘லா’ என வழங்குகிறது. கப்பல் என்ற சொல்லைக் கடன் வாங்கும் முன்பே அம்மக்கள் பாய் விரித்துக் கடலோடியவர்கள் என்பது இதனால் விளங்கும்.

நமக்கு நெருக்கமான மற்றொரு சான்றும் உண்டு. 1836-ஆம் ஆண்டு வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் நியூசிலாந்தின் வடபகுதியில் ஒரு வெண்கலப் பாத்திரத்தைக் கண்டார். மவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தனர். உண்மையில் அது உடைந்த கப்பல் மணி. அதன்மேல் தமிழ் எழுத்துகள்! முகைதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அதன் பொருள். பாதிரியார் இரும்புப் பானை ஒன்றைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார். இன்று அது வெலிங்டன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளம் பூரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொண்டு தமிழர் அங்கே குடியேறினர் என்று முடிவு கட்டலாமா? ஒரு மணி கை மாறி வரலாம். உடைந்த கப்பலோடு அலையில் ஒதுங்கலாம். கண்ணும் கையும் வானும் அப்படி ஒதுங்குவதில்லை. அவை தாய் வாயிலிருந்து பிள்ளை காதுக்குச் செல்பவை. ஒரு பொருள் தனித்த சான்று. நூற்றுக்கணக்கான சொற்களில் ஒழுங்காகக் காணும் ஒலிவிதியோ ஒன்றையொன்று தாங்கி நிற்கும் சான்றுத் தொகுதி.

தாயகம் எங்கே?

குடும்பம் ஒன்றே என்றாயிற்று. அதன் பிறந்தகம் எது? ஓட்டோ டெம்ப்வோல்ப் என்ற ஜெர்மானிய மருத்துவர், பின்னர் மொழியியலாளராகி, 1934 முதல் 1938 வரை வெளியிட்ட மூன்று பகுதி நூலில் இக்குடும்பத்தின் ஒலிவிதிகளை முறையாக வகுத்தார். இன்றைய மொழிகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மறைந்துபோன தாய்மொழியின் சொற்களை மீட்டமைத்தார். ஆனால் தைவான் தீவின் பழங்குடி மொழிகளை அவர் கணக்கில் கொள்ளவில்லை. அங்கேதான் மறைபொருள் இருந்தது.

தைவானில் இன்று சீன மொழியே பெருவழக்கு. ஆயினும் சீனர் பெருமளவில் குடியேறுவதற்கு முன், பதினேழாம் நூற்றாண்டு வரை, அத்தீவு முழுவதும் ஆஸ்திரோனேசிய மொழி பேசும் மக்களே வாழ்ந்தனர். அவர்களுள் ஒரு பிரிவினர் பைவான் மக்கள். பைவான் மொழியில் ஐந்து ‘லிமா’ தான். ஆனால் கண் ‘மத்ஸா’, மூன்று ‘ட்யெலு’. இரண்டு சொற்களிலும் இரு வேறு மெய்யொலிகள். தைவானுக்கு வெளியே பாருங்கள். மவோரியில் கண் ‘மாத்தா’, மூன்று ‘தோரு’. ஜாவா மொழியில் மூன்று ‘தெலு’. வெளியே எங்கும் அவ்விரு ஒலிகளும் ஒரே தகரமாகிவிட்டன.

இதில் என்ன தெரிகிறது? நம் பேச்சிலிருந்தே விளக்கலாம். சிலர் ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கிறார்கள். வாழை மரமும் ‘வாளை’; மீனும் ‘வாளை’. இப்பேச்சை மட்டும் கேட்டு வளரும் குழந்தை, எந்த வாளை முன்பு வாழையாக இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கும்? கலந்த ஒலிகளைப் பிரிக்க வழியில்லை. பாலில் கலந்த நீர் தானாகப் பிரியாததுபோல இதுவும் ஒருவழிப் பாதை. எனவே வேறுபாட்டைக் காத்து வைத்திருக்கும் பேச்சு, கலந்துவிட்ட பேச்சிலிருந்து பிறந்திருக்க முடியாது. தைவான் மொழிகள் பிலிப்பைன்ஸிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ வந்தவை அல்ல. வழி அதற்கு நேர்மாறானது.

ஒரே ஒலிமாற்றம் இரண்டு இடங்களில் தனித்தனியே நிகழவும் கூடுமாதலால், இதை மட்டும் நம்பி மொழியியலார் முடிவு செய்யவில்லை. ராபர்ட் பிளஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1977-இல், நான் – நீ போன்ற மூவிடப் பெயர்களில் ஏற்பட்ட மாற்றங்களையும் சேர்த்து ஆராய்ந்து, தைவானுக்கு வெளியேயுள்ள எல்லா ஆஸ்திரோனேசிய மொழிகளும் ஒரே கிளை என்று காட்டினார். 1999-இல் அவர் வகுத்தபடி, இக்குடும்பத்துக்குப் பத்து முதற்கிளைகள். அவற்றுள் ஒன்பது தைவான் என்ற சிறு தீவுக்குள்ளேயே அடங்குகின்றன! மடகாஸ்கர் முதல் ஈஸ்டர் தீவு வரை பரந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட மொழிகள் அனைத்தும் மீதியுள்ள ஒரே கிளை. கிளைகளின் எண்ணிக்கையை வேறு விதமாகக் கணக்கிடும் அறிஞரும் உளர்; ஆனால் தைவானின் முதன்மையில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். ஒரு குடும்பம் எங்கே மிகப் பல கிளைகளாகப் பிரிந்து நிற்கிறதோ அங்கேதான் அது நெடுங்காலம் வாழ்ந்திருக்கும்.

சொற்களுக்கு அரை ஆயுள் உண்டா?

திசை தெரிந்தது. காலம்? இங்கே இயற்பியல் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

அமெரிக்க வேதியியலார் வில்லார்ட் லிபி 1949-இல் கதிரியக்கக் கரிமக் கணிப்பு முறையை வெளியிட்டார். இதற்காக 1960-இல் நோபல் பரிசு பெற்றார். உயிருள்ள மரமும் விலங்கும் காற்று மண்டலத்திலிருந்து கரிமம்-14 என்ற கதிரியக்க அணுக்களைத் தொடர்ந்து பெறுகின்றன. உயிர் பிரிந்ததும் வரவு நின்றுவிடும், இருப்பு குறையும். 5730 ஆண்டுகளில் அது பாதியாகும். மீதியை அளந்தால் இறந்த காலம் தெரியும்.

இதைக் கண்ட மோரிஸ் சுவதேஷ் என்ற மொழியியலார், சொற்களும் இவ்வாறே ஒரே வீதத்தில் தேயும் என்று கருதினார். அடிப்படைச் சொற்கள் நூற்றில், ஆயிரம் ஆண்டு கழித்து 86 நிலைத்திருக்கும் என்பது அவர் கணக்கு. அழகான எண்ணம்; ஆனால் பொருந்தவில்லை. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளில், பழைய அடிப்படைச் சொற்களில் பாதிக்கு மேல் மலாய் காத்து வைத்திருக்கிறது. அதே காலத்தில் அதே தாயிடமிருந்து பிரிந்த சில மொழிகளில் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. காரணம் எளிது. அணுக்கரு தன் அண்டை வீட்டாரைப் பார்த்துச் சிதைவதில்லை. வெப்பமோ அழுத்தமோ அதை விரைவுபடுத்துவதில்லை. மனிதனோ அண்டை வீட்டாரோடு மணவினை கொள்கிறான், வணிகம் செய்கிறான், இறந்தவர் பெயரைச் சொல்லாமல் விலக்குகிறான். ஆகவே யார் யாருக்கு உறவு என்பதை மொழி சொல்லும். எத்தனை ஆண்டுக்கு முன் என்பதை மண்ணிடம் கேட்க வேண்டும்.

மண்ணும் விடை சொன்னது. 1952-இல் கிப்போர்டு, ஷட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர் நியூ கலிடோனியாவில் லாப்பித்தா என்ற இடத்தில் அகழ்ந்தனர். பல் வைத்த அச்சால் புள்ளி புள்ளியாக அழுத்திக் கோலமிட்ட பானை ஓடுகள் கிடைத்தன. இதே வகை ஓடுகள் நியூகினியை அடுத்த தீவிலும் தொங்கா தீவிலும் முன்பே கிடைத்திருந்தன. நியூகினிக்குக் கிழக்கேயுள்ள பிஸ்மார்க் தீவுகளில் இவை 3000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. தொங்கா, சமோவாத் தீவுகளில் சுமார் 2800 ஆண்டுகள். மொழிமரம் காட்டிய அதே திசை, மேற்கிலிருந்து கிழக்கு!

அதற்குப்பின் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓர் இடைவெளி. பிறகு மீண்டும் பாய் விரிந்தது. இந்த இரண்டாம் பயணத்தின் காலத்தைக் கணிப்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. அடுப்புக்கரி எந்த மரத்தினுடையது என்பதே சிக்கல். முந்நூறு ஆண்டு வாழ்ந்த மரத்தின் உட்பகுதியை எரித்திருந்தால், அடுப்பின் வயது முந்நூறு ஆண்டு கூடிவிடும். 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று 1400-க்கும் மேற்பட்ட கரிமக் கணிப்புகளைத் திரட்டி, விதை, சிறு கிளை போன்ற குறுகிய ஆயுள் பொருள்களை மட்டுமே நம்பியது. தாகித்தியை உள்ளிட்ட தீவுக் கூட்டத்தில் கி.பி. 1025-க்கும் 1120-க்கும் இடையிலும், ஹவாய், ஈஸ்டர் தீவு, நியூசிலாந்து ஆகிய மூன்று மூலைகளிலும் ஏறத்தாழ 1190-க்கும் 1290-க்கும் இடையிலும் மனிதர் குடியேறினர் என்று தெரிந்தது. நம் நாட்டில் சோழப் பேரரசு ஓங்கித் தாழ்ந்த அதே காலத்தில், உலகின் கடைசிப் பெரும் குடியேற்றம் கட்டுமரம் ஒத்த இரட்டைப் படகுகளில் நடந்துகொண்டிருந்தது.

நியூசிலாந்தில் தென்னை வளராது. தீவு மொழிகளில் ‘நியூ’ என்றால் தேங்காய். மவோரி மக்கள் அச்சொல்லை விட்டுவிடவில்லை. குறி பார்க்கும் சிறு குச்சிகளுக்கு அப்பெயரைச் சூட்டிக்கொண்டனர். தென்னையில்லா நாட்டில் தென்னையின் நினைவு!

மிதந்து வந்தவர்களா?

சொல்லும் மண்ணும் ஒத்தும், எல்லாரும் ஒப்பவில்லை. 1947-இல் நார்வே நாட்டுத் தோர் ஹெயர்தால், ஐந்து தோழர்களுடன் பால்சா மரத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டார். 101 நாள் மிதந்து பாலினேசியத் தீவொன்றில் மோதினார். தீவு மக்கள் தென்னமெரிக்காவிலிருந்து காற்றும் நீரோட்டமும் தள்ள வந்தவர்கள் என்பது அவர் கொள்கை. துணிவுமிக்க பயணந்தான். ஆனால் ஒன்று நிகழக்கூடும் என்று காட்டுவது, அது நிகழ்ந்தது என்று காட்டுவதாகாது. 1956-இல் ஆண்ட்ரு ஷார்ப் என்ற நியூசிலாந்து எழுத்தாளர் வேறு விதமாக வாதிட்டார். மேற்கிலிருந்து வந்தவர்கள்தாம், ஆனால் கருவியின்றி நெடுந்தொலைவு திட்டமிட்டுச் செல்ல முடியாது, வழி தவறியவர்களே தற்செயலாகத் தீவுகளில் ஒதுங்கினர் என்றார்.

இவ்வாதம் வெறும் ஏட்டுச் சண்டை அன்று. ‘உங்கள் முன்னோர் தாமாக எதையும் செய்யவில்லை; அலை தள்ளிய இடத்தில் விழுந்தவர்கள்’ என்று ஒரு மக்களைப் பார்த்துச் சொல்வதாக அது அமைந்தது. தம் நாட்டையும் மொழியையும் இழந்து நின்ற ஹவாய் மக்களுக்கு இது எப்படித் தைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

விடை இரு வழியில் வந்தது. முதலாவது கணிப்பொறி. லெவிசன், வார்டு, வெப் ஆகிய மூவர், பசிபிக்கின் காற்று, நீரோட்டப் பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கற்பனைப் படகுகளை மிதக்கவிட்டனர். முடிவை 1973-இல் வெளியிட்டனர். வெறுமனே மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ ஈஸ்டர் தீவுக்கோ சேர்வது ஏறத்தாழ நடவாத செயல் என்று தெரிந்தது.

இரண்டாவது விடை கடலிலேயே கிடைத்தது. ஹவாயில் பழைய முறையில் ‘ஹோக்குலேயா’ என்ற இரட்டைப் படகு கட்டப்பட்டு 1975-இல் நீரில் இறங்கியது. ஆனால் விண்மீன் பார்த்து ஓட்டும் கலை ஹவாயில் அற்றுப்போயிருந்தது. மைக்ரோனேசியாவின் சத்தவால் என்ற சிறு தீவில் அது உயிரோடிருந்தது. அங்கிருந்து மாவ் பியாய்லுக் என்ற கடலோடி வந்தார். 1976 மே 1-ஆம் நாள் படகு புறப்பட்டது. திசைகாட்டியோ கடற்படமோ கடிகாரமோ அவர் கையில் இல்லை. ஜூன் 4-ஆம் நாள் ஹோக்குலேயா தாகித்தித் துறைமுகத்தில் நுழைந்தது. பல்லாயிரம் மக்கள் கரையில் திரண்டு நின்றனர்.

அவர் எப்படி வழி கண்டார்? ஒவ்வொரு விண்மீனும் அடிவானில் எப்போதும் ஒரே இடத்தில்தான் உதிக்கும். எந்தத் தீவுக்கு எந்த விண்மீனின் உதய இடத்தை நோக்க வேண்டும் என்பது மனப்பாடம். அது உயரே ஏறியதும் அதே இடத்தில் உதிக்கும் அடுத்த விண்மீன். பகலிலும் மேகமூட்டத்திலும் அலைகளே துணை. தொலைதூரக் காற்று எழுப்பும் நீண்ட அலை நாள்கணக்கில் திசை மாறாது. படகு அதில் எப்படி ஆடுகிறது என்பதை உடம்பே உணரும். மாலையில் நிலம் நோக்கித் திரும்பும் பறவை, தீவின்மேல் குவிந்து நிற்கும் மேகம் ஆகியவை கரை அண்மையில் இருப்பதைச் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. ‘ஹோக்குலேயா’ என்பது ஒரு விண்மீனின் பெயர். மகிழ்ச்சி விண்மீன் என்று பொருள். நாம் சுவாதி என்று அழைப்பது அதைத்தான். வானநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 19 பாகையில் அது இருக்கிறது. ஹவாய்ப் பெருந்தீவும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ அதே 19 பாகையில் தொடங்குகிறது. எனவே சுவாதி நேர் உச்சிக்கு மேலாகச் செல்லுமானால் கப்பல் ஹவாயின் குறுக்குக்கோட்டில் இருக்கிறது என்று பொருள். தாகித்திக்கு அவ்வாறே சிரியஸ் விண்மீன் அடையாளம். கருவியில்லாமல் குறுக்குக்கோட்டை அளக்கும் இம்முறையில் எந்த மாயமும் இல்லை, தூய வானியல்.

உடல் சொன்ன சாட்சி

2016-இல் மரபணு ஆய்வும் வந்து சேர்ந்தது. வனுவாட்டுவிலும் தொங்காவிலும் கிடைத்த லாப்பித்தா கால எலும்புகளைச் சோதித்தபோது, அவர்களின் நெருங்கிய உறவினர் தைவான் பழங்குடியினரும் வடபிலிப்பைன்ஸ் மக்களும் என்று தெரிந்தது. பின்னர் நியூகினிப் பகுதி மக்கள் பெருமளவில் வனுவாட்டுவுக்கு வந்து கலந்தனர். இரத்தம் மாறியது, மொழி மாறவில்லை. இரத்தமும் மொழியும் எப்போதும் ஒன்றாகவே பயணம் செய்வதில்லை என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

ஹெயர்தாலின் எண்ணத்திலும் ஒரு துளி உண்மை இருந்தது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென்னமெரிக்காவுக்கு உரியது. ஆயினும் ஐரோப்பியர் வருமுன்பே பாலினேசியாவில் பயிராயிற்று. கிழக்குத் தீவு மக்களில் சிலரிடம் அமெரிக்கப் பழங்குடி மரபணுவின் சிறு பங்கு இருப்பதாகவும், கலப்பு கி.பி. 1200-ஐ ஒட்டி நிகழ்ந்ததாகவும் 2020-இல் ஓர் ஆய்வு காட்டியது. தீவு மக்களே அமெரிக்கா வரை போய்த் திரும்பினர் என்று கருதவும் இடமிருக்கிறது. அலை தள்ள வந்தவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள், கடலின் மறுகரையையும் தொட்டவர்களாகத் தோன்றுகிறார்கள்!

மொழியும் ஆட்சியும்

இத்தனையும் நமக்குக் கிடைத்தது, யாரோ சிலர் தம் பேச்சை விடாமல் பேசி வந்ததனால்தான். அது எளிதாக இருக்கவில்லை. ஹவாய் அரசு 1893-இல் கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமே என்று சட்டம் வந்தது. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் மொழியைச் சரளமாகப் பேசும் சிறுவர் ஐம்பது பேர்கூட இல்லை என்று மதிப்பிடப்பட்டது.

ஹோக்குலேயா தாகித்தியை அடைந்த இரண்டே ஆண்டில், 1978-இல், ஹவாய் மொழி அம்மாநிலத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. 1984-இல் தாய்மொழி வழி மழலையர் பள்ளி தொடங்கியது. நியூசிலாந்தில் 1982-இல் மவோரி ‘மொழிக்கூடுகள்’ என்ற மழலையர் பள்ளிகள் எழுந்தன. 1987-இல் மவோரி ஆட்சிமொழியாயிற்று. ஒரு படகு மட்டுமே இதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது. பல்லாண்டுப் போராட்டம் அதன் பின்னே இருந்தது. ஆனால் முன்னோரின் அறிவு மெய் என்று தெரிந்தபின், அவர்களின் மொழியைக் கேட்கும் குரலுக்கு வலு கூடியது உண்மை.

தைவானிலோ இழப்பு பெரிது. அங்கு வழங்கிய இருபதுக்கு மேற்பட்ட பழங்குடி மொழிகளுள் பல மறைந்துவிட்டன. ஜப்பானியர் ஆட்சியிலும் அடுத்து வந்த சீன ஆட்சியிலும் பள்ளி மொழி வேறாகவே இருந்தது. 2017-இல்தான் பழங்குடி மொழிகளைக் காக்கும் சட்டம் வந்தது. தென்மேற்குச் சமவெளியில் வழங்கிய சிராயா மொழி அதற்கு நெடுங்காலம் முன்பே பேச்சிலிருந்து நீங்கிவிட்டது. டச்சுப் பாதிரியார் ஒருவர் அம்மொழியில் பெயர்த்து 1661-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சிட்ட மத்தேயு நற்செய்தி போன்ற சில ஏடுகளிலிருந்து இன்று அம்மக்களின் வழித்தோன்றல்கள் சொல் சொல்லாகத் தங்கள் மொழியை மீட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பத்து முதற்கிளைகளில் ஒன்பது இருக்கும் இடம் தைவான் என்று முன்பு கண்டோம். பைவான் மொழி நூறு ஆண்டுக்கு முன்பே மறைந்திருந்தால், மத்ஸாவும் ட்யெலுவும் நமக்குத் தெரிந்திருக்குமா? சில ஆயிரம் பேர் பேசும் ஒரு மொழியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. பாதி உலகத்துக்குப் பரவிய மக்களின் பயணத்துக்குச் சான்றாக நிற்கும் சொல், மலைச்சரிவில் ஒரு கிழவியின் வாயில் மட்டும் இருக்கக்கூடும் என்பதே அவர்களுக்கு நாம் சொல்லத்தக்க விடை.